விடுவதற்காகத் தேடிய நாச்சோஸ்

பெரியவளே, சின்னவனே,

போன ஞாயிற்றுக்கிழமை செங்கம் ரோட்டுக் கடையில் நாச்சோஸ் வேண்டும் என்று இரண்டு பேரும் அடம்பிடித்தீர்கள். வாங்கித் தந்தேன். மேலே சீஸ் ஒட்டியிருந்த சில்லுகளை ஆளுக்கொரு பக்கம் பிய்த்துத் தின்றுவிட்டு, அடியில் கிடந்ததை அப்படியே தள்ளிவிட்டீர்கள். நான் தட்டை இழுத்து அடியிலிருந்து ஒன்றை உருவி எடுத்தேன். "அப்பா ஏன் அடியில இருந்து எடுக்கறாரு?" என்று சின்னவன் கேட்டான். வீடு திரும்பும் வழியில் வண்டி ஓட்டிக்கொண்டே சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் தப்பு இருக்காது.

அந்தப் பழக்கம் எனக்கு ஓர் அக்காவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. ஆசிரமம் பக்கத்தில் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டுக்கு எதிரே தள்ளுவண்டி போட்டு, கெஸ்ட் ஹவுஸ்காரர்களின் துணிகளைத் தேய்த்துக் கொடுப்பார். ஸ்டாண்டில் எல்லோருக்கும் அவர் இஸ்திரி அக்கா. பெயர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

அக்காவைப் பற்றி ஒன்றே ஒன்று சொல் என்றால், அவருக்கு ஏமாற்ற வராது என்பேன். நல்லவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களும் சின்னச் சின்ன விஷயத்தில் கொஞ்சம் அப்படி இப்படி இருப்பார்கள். நானும் அப்படித்தான். அக்காவுக்கு அந்தக் கொஞ்சம்கூட வராது.

ஒரு நாள் என் காக்கிச் சட்டையைத் தேய்க்கக் கொடுத்தேன். திருப்பித் தரும்போது, "தம்பி, காலருக்குப் பின்னாடி ஒரு கருகல் விழுந்துடுச்சு. பாத்துட்டுத் திட்டு" என்றார். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"எங்கக்கா? கண்ணுக்கே தெரியலையே."

"தெரியலைன்னா இல்லைன்னு ஆயிடுமா?" என்று சட்டையை வாங்கி, காலரைத் திருப்பி, நகத்தால் தொட்டுக் காட்டினார். கடுகளவு இருந்தது. கூலி வாங்க மாட்டேன் என்று விட்டார்.

இன்னொரு முறை, ஊர் திரும்பிப் போய்விட்ட ஒரு வெள்ளைக்காரரின் பேன்ட் பையில் வெள்ளி மோதிரம் கிடைத்தது. அதை ஒரு துணியில் முடிந்து எட்டு மாதம் தள்ளுவண்டிக்கு அடியில் வைத்திருந்தார். மறு வருஷம் அந்த ஆள் வந்தபோது, துணியை அவிழ்த்துக் காட்டி, "உன்னுதுதானா? நல்லா பாத்து சொல்லு" என்று கேட்டார். அந்த ஆளுக்கு மோதிரம் தொலைந்ததே ஞாபகம் இல்லை. பத்து நிமிஷம் உற்று உற்றுப் பார்த்து, "ஆமாம்" என்ற பிறகுதான் கையில் கொடுத்தார்.

இப்படிப்பட்ட ஒருவர் சாமியிடம் வேண்டிக்கொண்டால் என்ன ஆகும்? அதுதான் கதை.

பெரியவளே, நீ அப்போது அம்மா வயிற்றில் இருந்தாய். அக்காவுக்கு ஒரே மகள், பிளஸ் டூ முடித்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான்தான் வண்டியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மூன்றாவது நாள் ரத்தத்தில் ஏதோ ரொம்பக் குறைந்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அக்கா அழவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவின் கடைசிக்குப் போனார். அங்கே நின்றால், சாமியாகவே கும்பிடுகிற நம் ஊர் மலை தெரியும். கையெடுத்துக் கும்பிட்டு, "இவ எழுந்து உக்காந்துட்டா, எனக்கு ரொம்பப் பிடிச்சது எதுவோ அதை விட்டுடறேன். சாகற வரைக்கும் தொட மாட்டேன்" என்று சத்தமாகவே சொன்னார். நான் பக்கத்தில் இளநீரோடு நின்றிருந்தேன்.

ஐந்தாம் நாள் மகள் எழுந்து உட்கார்ந்தாள். பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தாள். அக்காவின் கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. தனக்கு ரொம்பப் பிடித்தது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை.

நம் ஊரில் காசிக்குப் போய் வந்தவர்கள் ஆளுக்கொரு காயை விட்டிருப்பார்கள், தெரியுமா? அக்கா தெருவில் ஒரு அம்மா பாகற்காயை விட்டிருந்தார். அவர் யோசனை சொன்னார். "ஏதாச்சும் ஒண்ணை விடேன்டி. நான் பாவக்காய விட்டேன். சாமி ஒண்ணும் கேக்கல."

"உங்களுக்குப் பாவக்காய் பிடிக்குமாக்கா?"

"சீச்சி. யாருக்குப் பிடிக்கும்?"

அக்கா எங்களிடம் வந்து சொன்னபோது ஸ்டாண்டே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "நான் பிடிச்சதைன்னு சொல்லிட்டேன் தம்பி. பிடிக்காததைக் குடுத்தா அது குப்பையைக் குடுக்கற மாதிரி" என்றார்.

எனக்கு அவசரம். "மீன் பிடிக்குமா? டீ பிடிக்குமா?" என்று வரிசையாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் அடுப்பில் கரியை ஊதிக்கொண்டே யோசிப்பார். "மீன் நல்லாத்தான் இருக்கும். ஆனா வீட்ல தலையும் வாலும்தான் எனக்கு வரும், அதை வெச்சு எப்பிடிச் சொல்றது? டீ தூக்கம் வராம இருக்கக் குடிக்கறது." யோசித்துப் பார்த்தால், மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டே நாற்பத்தைந்து வயதாகிவிட்டது அவருக்கு. பிடித்தது பிடிக்காதது என்று பிரித்துப் பார்க்க நேரமே வரவில்லை.

இரண்டு மாதம் ஓடியது. மகள் தும்மினால் அக்கா ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். "சொன்ன சொல்லு அப்பிடியே நிக்குது தம்பி" என்பார். மகளுக்குச் சென்னையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. அவள் பஸ் ஏறுவதற்குள் வேண்டுதலை முடித்துவிட வேண்டும் என்று அக்கா நாள் குறித்துக்கொண்டார். சொல்லை நிறைவேற்றாமல் பிள்ளையைத் தனியாக வெளியூருக்கு அனுப்ப அவருக்குத் தைரியம் இல்லை.

அந்த மகள் கேலிக்காரி. "அம்மா, நான் எழுந்து உக்காந்தது டாக்டர் ஏத்தின குளுக்கோஸ்ல."

"இருக்கட்டும். டாக்டர்கிட்ட நான் எதையும் விடறேன்னு சொல்லலையே."

இப்படி இருக்கும்போது ஒரு சாயங்காலம், எதிர்ப்பக்கம் கருகல் வாசனை வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். இஸ்திரிப் பெட்டி தலையணை உறைமேல் அப்படியே நிற்கிறது. புகை வருகிறது. அக்கா கையில் ஒரு அட்டைப் பெட்டி. வாய் எதையோ மெல்கிறது. அவர் எதிரே, அறையைக் காலி செய்துவிட்டுக் கிளம்புகிற ஒரு வெளிநாட்டுப் பெண் மூட்டையோடு நிற்கிறாள். நான் ஓடிப்போய் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினேன். உறையில் பெட்டி அளவுக்கு ஓட்டை.

அக்கா இஸ்திரி போட்ட பதினெட்டு வருஷத்தில், என் காலரில் விழுந்த அந்தக் கடுகைத் தவிர, துணியைப் பொசுக்கி நான் கேள்விப்பட்டது அது ஒன்றுதான். அவர் உறையைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார். முகம் பளபளவென்று இருந்தது.

"தம்பி, கண்டுபிடிச்சிட்டேன்."

அட்டைப் பெட்டிக்குள் நாலு முக்கோணச் சில்லு மிச்சம் இருந்தது. எண்ணெயில் பொரித்த மக்காச்சோளச் சில்லு, மேலே உருகிய சீஸ், பொடியாக நறுக்கின தக்காளி. நாச்சோஸ். நான் அதுவரை அந்தப் பேரை மெனு கார்டில்தான் பார்த்திருந்தேன்.

"சரிக்கா, முடிஞ்சுது. நாச்சோஸை விட்டுட்டேன்னு மலையைப் பாத்துச் சொல்லிடுங்க" என்றேன்.

அக்கா வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். "இது எந்தக் கடையுது?"

அந்தப் பெண் அதற்குள் டாக்சி ஏறிப் போய்விட்டாள். பெட்டியில் பேர் இல்லை.

"எந்தக் கடையா இருந்தா என்னக்கா?"

"இது நல்ல நாச்சோஸா, சுமாரானதான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நான் தின்னதே இது ஒண்ணுதான். இதைவிட நல்லது எங்கயோ இருந்து, நான் அதைத் தெரிஞ்சுக்காம சுமாரானதை விட்டா, அது சாமியை ஏமாத்தறது இல்லையா?" மூச்சு விடாமல் சொன்னார். "இந்த ஊர்லயே ரொம்ப நல்ல நாச்சோஸ் எதுன்னு பாக்கணும். அதைத் தின்னுட்டு, அப்புறம் விடணும். நீ வண்டி எடுப்பியா?"

மகள் ஊருக்குக் கிளம்ப ஒன்பது நாள் இருந்தது.

பிள்ளைகளே, அந்த ஒன்பது நாள் மாதிரி என் வாழ்க்கையில் வந்ததில்லை. நாலு மணிக்கு அக்கா கரியை அணைப்பார். முகம் கழுவி, சேலையைச் சரிசெய்துகொண்டு வண்டியில் ஏறுவார். ஸ்டாண்டில் விசில் பறக்கும். "அக்கா, எனக்கும் ஒரு வேண்டுதல் இருக்குது. பிரியாணி தேடணும், தொணைக்கு வர்றீங்களா?" என்று ஒருத்தன் கேட்பான். அக்கா வீட்டுக்காரர் வேங்கிக்காலில் ஒரு கட்டடத்துக்குக் காவல் இருந்தார். அவர் சொன்னது இன்னும் பெரிது. "ஊர்ல எல்லாரும் சாமிக்கு மொட்டை போடறான். எம் பொண்டாட்டி சாமிக்காக மெனு கார்டு படிக்கறா." உங்கள் அம்மா மட்டும் குறைச்சலா? "வயித்துப் புள்ளைக்காரி மாங்கா கேட்டா டைம் இல்ல. அக்காவுக்கு நாச்சோஸ் தேட மட்டும் டைம் இருக்குது."

முதல் கடையில் தரையில் மெத்தை போட்டிருந்தார்கள். அக்கா மெத்தையின் ஓரத்தில், அழுக்குப் படக்கூடாது என்பதுபோல உட்கார்ந்தார். நோட்டு எடுத்துக்கொண்டு ஒருவர் வந்தார்.

"என்னங்க வேணும்?"

அக்கா என்னைப் பார்த்தார். "எனக்கா கேக்கறாங்க?"

"உங்களைத்தாங்க."

நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாச்சோஸ்" என்றார், மனப்பாடம் செய்ததைப்போல.

"சீஸ் ஜாஸ்தி போடலாமா? காரம் கம்மியா இருக்கலாமா?"

அக்கா ஒவ்வொரு கேள்விக்கும் ரொம்ப நேரம் யோசித்தார். நோட்டுக்காரர் கால் மாற்றி நின்றார். அக்காவுக்குக் கேள்வி புரியவில்லை என்று நினைத்து நான் வாயைத் திறந்தேன். கையைக் காட்டி அடக்கினார். "சீஸ் கொஞ்சம் ஜாஸ்தி. காரம் அப்பிடியே இருக்கட்டும்" என்றார். அவ்வளவு தெளிவு.

தட்டு வந்தது. மேலே இருந்ததை விட்டுவிட்டு அடியிலிருந்து ஒரு சில்லை உருவினார். "மேல எல்லாரும் நல்லாத்தான் வெப்பான் தம்பி. சட்டைக்குக் காலர் மாதிரி. ஒருத்தன் தேச்ச லட்சணம் தெரியணும்னா அக்குள்கிட்ட பாக்கணும்." கடித்தார். காது கொடுத்துக் கேட்டார். "இது பாக்கெட்டைப் பிரிச்சுக் கொட்டினது."

போகும்போது நோட்டுக்காரர், "எப்பிடி இருந்துச்சுங்க?" என்றார். யாராக இருந்தாலும் நல்லா இருந்தது என்று சொல்லிவிட்டு வருவோம். அக்கா நின்றார். "சில்லு உங்களுது இல்லைங்க, வெளியில வாங்கினது. தக்காளி உங்களுது. தக்காளி நல்லா இருந்துச்சு." அந்த ஆள் சிரித்துவிட்டார்.

இரண்டாவது கடையில் சில்லைக் கடித்ததும் அக்கா கண்ணைச் சுருக்கினார். "தம்பி, இது அப்பளம்."

சமைத்தவரே வெளியே வந்துவிட்டார். "சத்தம் போடாதீங்கம்மா. சோளச் சில்லு தீந்துபோச்சு, அப்பளத்தை ஒடைச்சுப் பொரிச்சேன். வெள்ளைக்காரங்க யாருமே கண்டுபிடிக்கல."

"அவங்க வீட்ல அப்பளம் இல்லை. எங்க வீட்ல இருக்குது."

அதை உங்கள் அம்மாவுக்குப் பார்சல் கட்டிக்கொண்டு வந்தேன். அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இன்றைக்குவரை இந்த ஊரில் நல்ல நாச்சோஸ் அந்தக் கடையில்தான் என்கிறாள். நீங்கள் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது கடையில் தடிமனாக, மொறுமொறுவென்று ஒன்று வந்தது. நான் இதுதான் என்று குதித்தேன். அக்கா மென்று பார்த்து, "நல்ல தட்டை. ஆனா தட்டையை விடறேன்னு நான் சொல்லல" என்றார்.

நான்காவது நாள் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். செங்கம் ரோட்டில் மாடியில் ஒரு கஃபே. பேசிக்கொண்டே வந்ததில் அதைத் தாண்டி, கிரிவலப் பாதையில் திரும்பிவிட்டேன். "அய்யோ, மாடிக்கடையை விட்டுட்டோமே" என்றார் அக்கா. வண்டியைத் திருப்பப் போனேன். என் தோளைப் பிடித்துவிட்டார்.

"இடமா திரும்பாத. வேண்டுதலுக்குப் போறோம், வலமாவே போ."

"அக்கா, கடை இருநூறு அடி பின்னாடி இருக்குது. மலையைச் சுத்தினா பதினாலு கிலோமீட்டர்."

"மலை என்ன ஓடியா போவுது? போ."

சுற்றினேன். அடி அண்ணாமலை, காஞ்சி ரோடு, டவுன் நெரிசல், பெரிய தெரு, மறுபடி செங்கம் ரோடு. வழியில் மயில் அகவியது. அக்கா ஒவ்வொரு லிங்கத்துக்கும் வண்டியிலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாடிக்குப் போனால் கதவில் போர்டு. அன்றைக்கு அந்தக் கடைக்கு லீவு. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் அப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து நான் பார்த்ததே இல்லை. மறுநாள் போனோம். அங்கே சில்லு நமத்துப்போயிருந்தது.

எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. ஏறுகிற சவாரியிடமெல்லாம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நாச்சோஸ் எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டேன். வியாழக்கிழமை ஒரு வயதான வெளிநாட்டம்மா, கிரிவலப் பாதையில் ஒரு சந்துப் பக்கம் கைகாட்டி, "அங்கே, கப்பல்காரர் கடை" என்றார்.

வெள்ளிக்கிழமை அக்கா மகளுக்கு உடம்பு சுட்டது. அன்றைக்குத் தேடலும் இல்லை, இஸ்திரியும் இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தோம். வெறும் ஜலதோஷம்தான். அக்கா ரிசல்ட் காகிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, "தம்பி, திங்கக்கிழமை காலையில பஸ். நாளைக்கு இவகூட இருக்கணும். ஞாயித்துக்கிழமை முடிச்சாகணும். முடிக்கலைன்னா இவளை நான் அனுப்ப மாட்டேன்" என்றார். மகள் முகம் வாடிப்போய்விட்டது. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஞாயிறு நாலு மணிக்குக் கப்பல்காரர் கடைக்குப் போனோம். மூன்றே மேசை. நடத்துகிறவர் நம்ம ஊர் பாய் ஒருவர். கப்பலில் பல வருஷம் சமையல் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அவரே நோட்டோடு வந்தார். "என்ன வேணும்மா?"

அக்கா மெதுவாகச் சொன்னார். பாய் எழுதிக்கொண்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். சந்தோஷத்தில் முழு விவரத்தையும் அவரிடம் கொட்டிவிட்டேன். பாய் நோட்டை மூடிவிட்டார்.

"போட மாட்டேன்."

"பாய்?"

"மக்காச்சோளத்தை வெத்தலைக்குப் போடற சுண்ணாம்புல வேகவெச்சு, ராத்திரி பூரா ஊறவெச்சு, கிரைண்டர்ல அரைச்சு, ரொட்டி தட்டிக் காயவெச்சுப் பொரிக்கறேன். எதுக்கு? ஜனங்க திரும்பி வரணும்னு. எங் கடைல சாகற வரைக்கும் திங்க மாட்டேன்னு சத்தியம் பண்ண வந்த மொதல் ஆள் நீங்கதான். எங் கையால ஒருத்தருக்குச் சாப்பாடு நிக்கறதா? வேணாம்மா."

 ஒரு நாள்கூட மிச்சம் இல்லை. அக்கா நிதானமாக இருந்தார்.

"நல்லா இல்லாத எடத்துல நான் எதுக்குங்க விடப்போறேன்? நாலு கடை பாத்துட்டு விடாமதானே வந்தேன்?"

பாய் யோசித்தார். "அப்ப இதைப் பாராட்டுன்னு எடுத்துக்கணுமா?"

"இன்னும் திங்கலையே. எப்பிடிச் சொல்றது?"

பாய் நோட்டை மேசையில் வைத்தார். பிறகு உள்ளே போனார். எண்ணெய் சத்தம் கேட்டது.

தட்டு வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு அடுக்குச் சில்லு, அதன்மேல் சீஸ், மறுபடி ஒரு அடுக்கு. அக்கா அடியிலிருந்து உருவினார். அதிலும் சீஸ் இருந்தது. கடித்தார். சத்தம் எனக்கே கேட்டது. கண்ணை மூடிக்கொண்டார்.

"இதான்" என்றார். "பாய், இதைவிட நல்லது இந்த ஊர்ல கெடையாது."

நான் மேசையைத் தட்டினேன். பாய் சிரிக்காமல் சிரித்தார். அக்கா இரண்டாவது சில்லை எடுத்தார். மூன்றாவது. பிறகு கை நின்றது. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா?"

"தம்பி, அப்பளம் குடுத்த கடைல எனக்கு எப்பிடி இருந்துச்சு தெரியுமா?"

"எப்பிடி?"

"சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பாக்கெட் பிரிச்ச கடைலயும். நமத்துப்போன கடைலயும். இங்க இருக்கற அதே சந்தோஷம். ஒரு இம்மிகூடக் கம்மி இல்லை." விரலிலிருந்த உப்பைத் துடைத்தார். "அப்ப அது நாச்சோஸ் இல்லையே."

எனக்குப் புரியவில்லை. பாய்க்குப் புரிந்திருக்க வேண்டும். அவர் பார்வையை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தட்டு வர்றதுக்கு முன்னாடியே வந்துடுது அந்தச் சந்தோஷம். நோட்டு எடுத்துட்டு வந்து நின்னு, என்ன வேணும்னு கேக்கறாங்க பாரு, அப்ப. அன்னைக்கு ரூம் காலி பண்ணிட்டுப் போன அந்த வெளிநாட்டுப் பொண்ணும் பெட்டியைக் குடுத்துட்டுப் போயிடல. நின்னு, 'பிடிக்குதா'ன்னு தமிழ்ல கேட்டா. அதுலதான் தலகாணி உறை எரிஞ்சுது."

"அக்கா, நாச்சோஸ் போதும். சாமி ஒத்துக்கும்."

"சாமி ஒத்துக்கும் தம்பி. நான் எப்பிடி ஒத்துக்கறது?"

நாற்காலியை விட்டு எழுந்தார். அதை மேசைக்குள் தள்ளினார். சந்தின் முனையில் மலை தெரிந்தது. வாசலில் நின்று கும்பிட்டு, ஆஸ்பத்திரியில் சொன்னதைப்போலவே சத்தமாகச் சொன்னார். "உக்காந்த எடத்துல ஒருத்தர் வந்து என்ன வேணும்னு கேட்டு, நான் சொல்லி, அவங்க கொண்டாந்து வெக்கறதை இன்னையோட விட்டுட்டேன்."

பாய் ஓடி வந்தார். "உக்காருங்கம்மா. இந்த ஒரு தட்டையாவது உக்காந்து முடிங்க."

அக்கா உட்காரவில்லை. நின்றபடியே மிச்சத்தைச் சாப்பிட்டார். ரசித்துத்தான் சாப்பிட்டார். நாச்சோஸை விடவில்லையே. மகளுக்கு ஒரு பார்சல் சொன்னார், சமையலறை வாசலுக்கே போய் அவரே வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை மகளைப் பஸ் ஏற்றும்போது அவள் நெற்றியை ஒரு முறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

பெரியவளே, உன் முதல் பிறந்த நாளுக்கு அக்கா வந்திருந்தார். பந்தியில் உட்காரச் சொல்லி அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா வாளியை வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் சாம்பார் ஊற்றினார். கடைசியில் அடுப்படியில் தானே போட்டுக்கொண்டு நின்று சாப்பிட்டார். அம்மாவுக்கு வருத்தம், நம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்கிறாரே என்று. பிறகு நான் சொன்னேன், பந்தியிலும் ஒருவர் வந்து என்ன வேணும் என்றுதானே கேட்பார் என்று. அதற்கப்புறம் அம்மா அவரை உட்காரச் சொன்னதே இல்லை.

அந்த மகள் இப்போது சென்னையில் நர்ஸ். இரண்டு வருஷத்துக்கு முன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சாமிக்கு இதெல்லாம் வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. என்னைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அக்கா என்னைக் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததில் ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அக்காவை அவர் தெருவில் இறக்கிவிட்டேன். பார்சலை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக நடந்து போனார். நான் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. வேங்கிக்கால் பக்கம் ஓட்டிக்கொண்டு போனேன். ஞாயிறு என்பதால் ஆபீஸ்கள் பூட்டியிருந்தன, ரோடு காலியாக இருந்தது. ஒரு மரத்தடியில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். இறங்கிப் பின்பக்கம் போய், பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்தேன். அந்த வண்டி வாங்கி ஏழு வருஷம் ஆகியிருந்தது. துடைப்பதற்குத் தவிர நான் அங்கே ஏறியதே இல்லை. கால் வைக்க நினைத்ததைவிட இடம் கம்மி. சாய்ந்துகொண்டால் சுகமாக இருந்தது.

ஒரு பெரியவர் பையோடு வந்தார். முன்சீட்டைப் பார்த்தார், யாரும் இல்லை. குனிந்து என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பஸ் ஸ்டாண்டு வருமாப்பா?"

"வராதுங்க" என்றேன். "ஆள் இருக்குது."